க்னிஃட் எப்படி நைட் ஆனான்?

ஆங்கில வகுப்பில் சொல்வதெழுதுதல் நடக்கிறது. ஆசிரியர் ‘நைட்’ என்கிறார். எல்லோரும் ராத்திரியைக் குறிக்கும் சொல்லை எழுதிவிட்டு நிமிர்கிறார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும், “எந்த நைட், டீச்சர்? ராத்திரியா, குதிரையில் வருகிற வீரனா?” என்று கேட்கிறாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டும் காதுக்கு ஒன்று. எழுதும்போது மட்டும் வீரனுக்கு முன்னால் ஒரு ‘கே’ கூடுதலாக வந்து நிற்கும். நிற்குமே தவிர, வாயைத் திறக்காது. நடுவில் ஒரு ‘ஜி’, ஒரு ‘எச்’, அவையும் ஊமை. வீரனின் பெயரில் மொத்தம் ஆறு எழுத்து, அதில் மூன்று பேசுவதே இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிய நமக்கு இதைப் பார்த்தால் எரிச்சல் வருவது இயற்கை. ‘அம்மா’ என்று எழுதினால் அம்மா என்றுதானே படிக்கிறோம்!

அந்த மூன்று எழுத்துகளும் பிறவி ஊமைகள் அல்ல. ஒரு காலத்தில் அவையும் ஒலித்தன. எப்படி ஒலித்தன என்று இப்போதே சோதித்துப் பார்க்கலாம். சோதனைக்கூடம் தேவையில்லை, உங்கள் வாய் போதும்.

முதலில் ‘க்’ என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கின் பின்பகுதி மேலே எழும்பி, அண்ணத்தின் பின்பக்கம் மெத்தென்று இருக்கும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அடுத்து ‘ன்’ சொல்லுங்கள். இப்போது நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஒட்டியிருக்கும். காற்று மூக்கு வழியாகப் போகும். சந்தேகமாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ன்’ சொல்லிப் பாருங்கள், ஒலி அப்படியே நின்றுவிடும். இனி இரண்டையும் சேர்த்து, இடையில் ‘இ’யோ ‘உ’வோ நுழையாமல், ‘க்னி’ என்று சொல்லுங்கள். கொஞ்சம் முக்க வேண்டியிருக்கும். வந்துவிடும்.

அடுத்தது அந்த ‘ஜி-எச்’. அதற்கு ஆங்கிலப் பிள்ளைகளைவிட நமக்குத்தான் வசதி, நம்மிடம் ஆய்த எழுத்து இருக்கிறது. ‘அஃது’, ‘எஃகு’ என்று சொல்லும்போது காற்று உரசிக்கொண்டு வெளியே வருகிறதே, கிட்டத்தட்ட அந்த ஒலிதான் அங்கே இருந்தது. ஆக ராத்திரி ‘நிஃட்’. வீரன் ‘க்னிஃட்’. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தில் ஒருவர் இந்த இரண்டையும் சொன்னால் எந்தப் பிள்ளையும் குழம்பியிருக்காது.

இது வெறும் ஊகமா என்று கேட்கலாம். ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுமொழி ஜெர்மன். அங்கே இரவுக்கு இன்றும் ‘நாஃட்’ என்பதுபோலத்தான் சொல்கிறார்கள், அந்த உரசல் போகவில்லை. முழங்காலுக்கு ஆங்கிலத்தில் ‘நீ’; எழுதும்போது முன்னால் ‘கே’ உண்டு. ஜெர்மன்காரர் அதே சொல்லை ‘க்னீ’ என்று ‘க்’கோடு சொல்கிறார். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியைக் குறிக்கும் ‘லாஃக்’ என்ற சொல்லில் உரசலை விடாமல் வைத்திருக்கிறார்கள். பூதம் இருப்பதாகக் கதை கட்டப்பட்ட நெஸ் ஏரியின் பெயரில் வருவது அதுதான்.

‘க்’ ஏன் உதிர்ந்தது? நாக்கின் பின்பகுதியிலிருந்து சட்டென்று நுனிக்குத் தாவ வேண்டியிருக்கிறதே, அந்தச் சிரமம் ஒரு காரணம். ஆங்கிலேயர் சோம்பேறிகள் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். அதே சிரமம் ஜெர்மன் நாக்குக்கும் உண்டு, அது இன்னும் சளைக்கவில்லை. மாற்றம் ஓரிடத்தில் தொடங்கும், பக்கத்து வீடு, பக்கத்துத் தெரு என்று பரவும், அடுத்த தலைமுறை அதையே சரியான உச்சரிப்பாகக் கற்கும். 17-ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் லண்டன்காரர்களின் பேச்சில் இந்தக் ‘க்’ அநேகமாக மறைந்துவிட்டது. உரசல் ஒலி அதற்கும் முன்பே தேய ஆரம்பித்திருந்தது. சில சொற்களில் அது தேயாமல் ‘ஃப்’ ஆக மாறிக்கொண்டது. சிரிப்பைக் குறிக்கும் ‘லாஃப்’, இருமலைக் குறிக்கும் ‘காஃப்’, போதும் என்னும் ‘இனஃப்’ மூன்றையும் எழுதிப் பாருங்கள். கடைசியில் அதே ‘ஜி-எச்’ உட்கார்ந்திருக்கும்.

பொருளும் சும்மா இருக்கவில்லை. க்னிஃட் என்றால் முதலில் ‘பையன்’. பிறகு எடுபிடி வேலை செய்யும் பையன். பிறகு பிரபுவின் பின்னால் ஆயுதம் தூக்கிக்கொண்டு போகிறவன். பிறகு கவசமும் குதிரையும் பட்டமும் பெற்ற வீரன். ஜெர்மனியில் இதே சொல் ‘க்னெஃட்’ என்ற வடிவில் இருக்கிறது. அங்கே அவனுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை, இன்றும் வேலைக்காரன்தான்.

சரி, ஒலி போனதும் எழுத்தையும் எடுத்திருக்கலாமே? எடுக்கவிடாமல் செய்தது ஓர் இயந்திரம்.

வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் பிறந்த வியாபாரி. பல ஆண்டுகள் கடல் கடந்து, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரத்தில் வாழ்ந்தவர். ஜெர்மனியில் அச்சுத்தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1476-ல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சகம் அதுதான். அதுவரை புத்தகம் என்றால் கையால் பார்த்து எழுதுவது. எழுதுபவர் தன் ஊரில் எப்படிப் பேசுவார்களோ அப்படி எழுதுவார். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதினாலும் கேட்பாரில்லை.

அச்சடிப்பவருக்கு அது ஒத்துவராது. அவர் ஒரு புத்தகத்தை நூற்றுக்கணக்கில் அடித்து நாடு முழுக்க விற்க வேண்டும். எந்த ஊர் ஆங்கிலத்தில் அடிப்பது? இந்தத் தலைவலியைக் காக்ஸ்டன் 1490-ல் ஒரு புத்தகத்தின் முன்னுரையில் கதையாகவே சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் கப்பலேறிய வணிகர்கள் சிலர் காற்று இல்லாமல் கெண்ட் கரையோரம் ஒதுங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட ஏதாவது வேண்டும், குறிப்பாக முட்டை வேண்டும் என்று ‘எக்ஸ்’ கேட்கிறார். அந்த வீட்டம்மாள், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிடுகிறார். கேட்டவருக்குக் கோபம். அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது! கடைசியில் கூட வந்த ஒருவர் ‘ஐரன்’ வேண்டும் என்றதும், அந்த அம்மாளுக்கு முட்டை என்று விளங்குகிறது. வடக்கே குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது எக். தெற்கே புழங்கிய பழைய ஆங்கிலச் சொல் ஐரன். இரண்டில் எதை அச்சடிப்பது என்று தெரியாமல் தவித்த மனிதருக்கு ‘கே’யை வைப்பதா எடுப்பதா என்றெல்லாம் யோசிக்க நேரம் ஏது?

அவர் காலத்தில் ‘கே’ இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் அச்சில் ஏறியது. ஏறியதைப் பார்த்து அடுத்த அச்சகத்தார் அடித்தார், அதைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் எழுதினார்கள். எழுத்து அப்படியே நின்றுபோக, பேச்சு தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. காக்ஸ்டன் அச்சகத்தின் கைவரிசை வேறொன்றும் உண்டு. பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என்ற சொல்லில் ‘ஜி’க்குப் பக்கத்தில் ஓர் ‘எச்’ ஒளிந்திருக்கிறது பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அது கிடையாது. புரூஜ் பக்கத்து ஃபிளமிஷ் மொழியில் பேய்க்கு ‘எச்’ போட்டு எழுதுவார்கள். அந்த எழுத்துமுறைக்குப் பழகிய கைகள் ஆங்கிலப் பேய்க்கும் ஒன்றைப் போட்டுவிட்டன.

மெய்யெழுத்துகளின் கதை இது. உயிரெழுத்துகள் செய்த கலகம் இதைவிடப் பெரிது.

மோவாய்க்கு அடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ‘ஆ’ என்று சொல்லுங்கள். அடுத்து ‘ஏ’. அடுத்து ‘ஈ’. விரல் ஒவ்வொரு முறையும் மேலே போகிறதா? ‘ஆ’வுக்கு வாய் அகலத் திறக்கும், ‘ஈ’க்குக் கிட்டத்தட்ட மூடிவிடும். ஒரு படிக்கட்டின் கீழ்ப்படியில் ‘ஆ’, நடுவில் ‘ஏ’, மேல்படியில் ‘ஈ’ நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் ஆளுக்கொரு படி மேலே ஏறின. பெயரைக் குறிக்கும் ‘நேம்’ அதற்கு முன்னால் ‘நாமெ’. பார் என்று பொருள்படும் ‘சீ’ அதற்கு முன்னால் ‘சே’. மேல்படியில் நின்ற ‘ஈ’க்கு ஏற இடமில்லை. அது ‘ஐ’ என்று உடைந்துவிட்டது. நேரத்தைக் குறித்த ‘டீமெ’ இப்படித்தான் ‘டைம்’ ஆனது. அந்தப் பக்கம் ‘ஊ’வும் அதே கதியில் உடைந்து, ‘ஹூஸ்’ என்ற வீடு ‘ஹவுஸ்’ ஆயிற்று. டென்மார்க் நாட்டு மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்கு ‘உயிர்களின் பெரும் பெயர்ச்சி’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

நீங்கள் எல்கேஜியில் படித்த ஏ-பி-சி-டியிலேயே இது இருக்கிறது. ஆங்கிலத்தின் முதல் எழுத்தை நாம் ‘ஏ’ என்கிறோம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியப் பிள்ளைகள் அதே எழுத்தை ‘ஆ’ என்பார்கள். நாம் ‘ஐ’ என்று சொல்லும் எழுத்தை அவர்கள் ‘ஈ’ என்பார்கள். படியேறியது ஆங்கிலம் மட்டும்தான்.

இந்த ஏற்றத்தில் இரண்டு படிகள் ஒன்றாகக் கலந்தும் போயின. அதில் பிறந்த குழப்பம்தான் ‘மீட்’. சந்திப்பதும் மீட், இறைச்சியும் மீட். எழுதும்போது சந்திப்புக்கு இரண்டு ‘ஈ’. இறைச்சிக்கு ஓர் ‘ஈ’, ஓர் ‘ஏ’. முன்பு சந்திப்பதை ‘மேட்’ என்றார்கள். இறைச்சியின் பெயரிலும் ‘ஏ’ ஒலிதான், ஆனால் வாயைக் கொஞ்சம் அதிகம் திறந்து சொல்ல வேண்டும். எழுத்து வேறுபட்டதற்குக் காரணம் அதுதான். ‘ஈ-ஏ’ சேர்ந்து வரும் சொற்கள் 1700-ஐ ஒட்டி லண்டனில் ‘ஈ’ ஒலியோடு கலந்தன. அப்போது கடலும் பார்வையும் ‘சீ’ ஆகிவிட்டன. சொன்ன பேச்சைக் கேட்காத மூன்று சொற்கள் உண்டு: பெரிய என்னும் ‘கிரேட்’, உடை என்னும் ‘பிரேக்’, இறைச்சித்துண்டு என்னும் ‘ஸ்டேக்’. மூன்றிலும் ‘ஈ-ஏ’ இருக்கிறது, மூன்றும் பழைய ‘ஏ’யிலேயே நின்றுவிட்டன.

டீயும் அப்படி நிற்கப் பார்த்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர் டீயைக் குறிக்கும் சொல்லுக்கு இயைபாக, கீழ்ப்படி என்று பொருள்படும் ‘ஒபே’யைப் போட்டார். அவர் வாயில் அது ‘டே’ என்றுதான் ஒலித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் அதன் பெயர் ‘தே’. டச்சு வணிகர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதும் அந்தப் பெயரைத்தான். நம் தேயிலையிலும் தேநீரிலும் அந்தத் ‘தே’ இன்னும் குடியிருக்கிறது. இங்கிலாந்தில்தான் ‘டீ’ ஆகிவிட்டது.

இதுவரை பார்த்த ஊமை எழுத்துகள் எல்லாம் ஒரு காலத்தில் பேசியவை. ஒருநாளும் பேசாத எழுத்துகளும் உண்டு. இவற்றின் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம். 16-ஆம் நூற்றாண்டில் படித்த பெரியவர்கள் பலருக்கு லத்தீன் மோகம் பிடித்தது. கடனை அதுவரை ஆங்கிலத்தில் ‘டெட்’ என்று சொல்லி, சொன்னபடியே எழுதி வந்தார்கள். அது லத்தீனின் ‘டெபிட்டும்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அல்லவா, அந்தப் பழம்பெருமை தெரிய வேண்டாமா என்று நடுவில் ஒரு ‘பி’யைச் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் ‘டவுட்’டிலும் இன்னொரு ‘பி’. இவை இரண்டும் பேட்டில் வரும் ‘பி’, பேனாவைக் குறிக்கும் பென்னில் வருவது அல்ல. அந்தப் பென்னின் ‘பி’யைக் கொண்டுபோய் ‘ரிசீட்’டில் வைத்தார்கள். கடையில் பில் வாங்கும்போது பாருங்கள், கடைசிக்கு முன் எழுத்தாக நிற்கும். ஷேக்ஸ்பியர் ஒரு நகைச்சுவை நாடகத்தில் ஹோலோஃபர்னஸ் என்று ஒரு வாத்தியாரைப் படைத்தார். கடனையும் சந்தேகத்தையும் ‘பி’ இல்லாமல் உச்சரிக்கிறார்களே என்று அந்த வாத்தியார் அங்கலாய்ப்பார். அன்றைய பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

தீவு விஷயத்தில் அவர்கள் கணக்கே தப்பு. ‘ஐலண்ட்’ என்பது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். அதில் ‘எஸ்’ எந்தக் காலத்திலும் இல்லை. தீவுக்கு ‘ஐல்’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது லத்தீனின் ‘இன்சுலா’விலிருந்து வந்தது, அதற்கு ‘எஸ்’ நியாயம். இரண்டும் ஒரே குடும்பம் என்று தப்பாக எண்ணி ஐலண்டுக்கும் ஓர் ‘எஸ்’ கொடுத்துவிட்டார்கள். இன்று அதை விட்டுவிட்டு எழுதினால் உங்களுக்குத்தான் மதிப்பெண் போகும்.

இனி எதிர்மாறான ஒரு வகை. எழுத்தும் பொருளும் வேறு; கிளறிப் பார்த்தால் தாய் ஒன்று.

சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கையை மெதுவாக மடக்குங்கள். தோலுக்கு அடியில் ஒன்று உருண்டு ஓடுகிறதா? கையை நீட்டினால் சிறுத்துப் போகிறதா? பழைய ரோமானியர்களுக்கு அது சுண்டெலி ஓடுவதுபோலத் தெரிந்தது. லத்தீனில் எலி ‘மூஸ்’, குட்டி எலி ‘மூஸ்குலுஸ்’. அதிலிருந்து வந்ததுதான் தசையைக் குறிக்கும் ‘மஸில்’. கடற்பாறைகளில் கொத்துக்கொத்தாக ஒட்டி வளரும் கருநீலச் சிப்பி ஒன்று உண்டு, நீளவாட்டில் எலி படுத்திருப்பதுபோல இருக்கும். அதற்கும் அதே எலிப் பெயரை வைத்தார்கள். அதுவும் ‘மஸில்’தான், எழுதும்போது மட்டும் ‘சி’க்குப் பதில் இன்னோர் ‘எஸ்’, கடைசியில் ‘எல்-ஈ’க்குப் பதில் ‘ஈ-எல்’. லத்தீனின் மூஸும் சம்ஸ்கிருதத்தின் மூஷிகமும் ஒரே வேரில் கிளைத்தவை. பிள்ளையாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மூஷிக வாகனம், உங்கள் கையில் உருளும் மஸிலுக்குத் தூரத்துச் சொந்தம்!

மாவையும் பூவையும் ‘ஃபிளவர்’ என்று ஒரே மாதிரி சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். கோதுமையை அரைத்துச் சலித்தால் கிடைக்கும் மிக மென்மையான, மிக உயர்ந்த பகுதியைக் கோதுமையின் ‘பூ’ என்றார்கள். அதுதான் மாவுக்குப் பெயராயிற்று. பல காலம் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். பிறகு சமையலறைக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள்.

‘ஸ்டேஷனரி’யும் இப்படித்தான். நோட்டும் பேனாவும் விற்கிற கடையின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், பல ஊர்களில் தப்பாக எழுதியிருக்கும். ‘ஏ-ஆர்-ஒய்’ என்று முடிந்தால் அசையாமல் ஓரிடத்தில் நிற்பது என்று பொருள். ‘ஈ-ஆர்-ஒய்’ என்று முடிந்தால்தான் எழுதுபொருள். பேப்பரின் கடைசியில் ‘ஈ-ஆர்’ வருகிறது, அதை வைத்து நினைவில் கொள்ளலாம். நிற்பதற்கும் நோட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பல வியாபாரிகள் சாமானைத் தலையில் சுமந்து ஊர் ஊராகத் திரிந்தார்கள். பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் புத்தகம் விற்றவர்கள் மட்டும் ஓரிடத்தில் கடை போட்டு நிலையாக உட்கார்ந்தார்கள். ஆகவே அவர்கள் ‘ஸ்டேஷனர்கள்’, நின்ற இடத்தில் நிற்பவர்கள். லண்டனில் அவர்கள் 1403-லேயே ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

காது சொல்வது வேறு, கண் சொல்வது வேறு என்று வரும்போது, எந்தப் பக்கம் அழுத்திச் சொல்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். நமக்கு இது புதிது. தமிழில் ‘பாடம்’ என்பதில் முதலெழுத்தை அழுத்தினாலும் கடைசியை அழுத்தினாலும் பொருள் பாடம்தான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. பாலைவனத்தைச் சொல்லும்போது முதல் பகுதியை அழுத்தி ‘டெஸர்ட்’. அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு இரண்டாம் பகுதியை அழுத்தி ‘டிஸர்ட்’ என்றால் கைவிட்டு ஓடுவது. வேர் ஒன்றுதான், லத்தீனில் அதற்குக் கைவிடப்பட்டது என்று பொருள். மனிதர் கைவிட்ட நிலம் பாலை. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பு வேறு வேர், ஆனால் உச்சரிப்பு கைவிட்டு ஓடும் அந்த ‘டிஸர்ட்’ போலவே இருக்கும். பிரெஞ்சில் பரிமாறுவது ‘செர்விர்’. அதற்கு முன்னால் ‘தெஸ்’ சேர்த்தால் பரிமாறியதை எடுத்து மேசையைக் காலி செய்வது. காலி செய்த பிறகு வருவது இனிப்பு. ‘தெஸ்’ஸின் கடைசியில் ஓர் ‘எஸ்’, ‘செர்விர்’ முதலில் ஓர் ‘எஸ்’. ஆக இனிப்புக்கு இரண்டு, பாலைக்கு ஒன்று.

ராணுவத்தில் ‘கர்னல்’ என்று ஒரு பதவி இருக்கிறதே, அதைச் செய்தித்தாளில் தமிழில் படிக்கும்போது சிக்கலே இல்லை. ஆங்கிலத்தில் பார்த்தால் திகைப்போம். அதில் ‘ஆர்’ என்ற எழுத்தே கிடையாது, ‘எல்’தான் இருமுறை வரும். இத்தாலியில் பிறந்த சொல் இது. படைவரிசையை நடத்திப் போகிறவர் ‘கொலொனெல்லோ’. ‘ல’ இரண்டு முறை வருவது நாக்குக்குத் தடங்கல். பிரெஞ்சுக்காரர்கள் முதல் ‘ல’வை ‘ர’ ஆக்கி ‘கொரொனெல்’ என்றார்கள். ஆங்கிலத்தார் இந்த ‘ர’ உச்சரிப்பைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எழுத்துக்கு இத்தாலியச் சொல்லே மேல் என்று ‘ல’வைத் திரும்ப வைத்தார்கள். வாய்க்கு ஒரு நாடு, கைக்கு ஒரு நாடு. இப்போது அது, பருப்பைக் குறிக்கும் ‘கெர்னல்’ என்ற சொல்லோடு ஒலியில் கலந்துவிட்டது. பருப்புக்குப் படையோடு எந்த உறவும் இல்லை. தானியத்தைக் குறிக்கும் ‘கார்ன்’ என்ற சொல்லின் குட்டிவடிவம் அது.

இத்தனையையும் மனப்பாடமா செய்வது? பல இடங்களில் வேண்டாம். ஊமை எழுத்து வந்தால் அந்தச் சொல்லின் சொந்தக்காரர்களைத் தேடுங்கள், அவர்களில் யாராவது பேசிவிடுவார்கள். இரண்டைக் குறிக்கும் ‘டூ’வில் ஒரு ‘டபிள்யூ’ ஊமையாக இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளைக் குறிக்கும் ‘ட்வின்’, பன்னிரண்டுக்கு ‘ட்வெல்வ்’, இருபதுக்கு ‘ட்வென்ட்டி’, இருமுறைக்கு ‘ட்வைஸ்’, இரண்டுக்கு நடுவில் என்னும் ‘பிட்வீன்’ எல்லாவற்றிலும் அது வாய்விட்டு ஒலிக்கிறது. எல்லாவற்றிலும் பொருள் இரண்டு சம்பந்தப்பட்டது. இதைப் பார்த்தவர் எண்ணுக்குரிய டூவை மற்ற இரண்டு டூக்களோடு குழப்ப மாட்டார். கையெழுத்துப் போடும் ‘சைன்’னில் ‘ஜி’ ஊமை, ‘சிக்னல்’லில் பேசுகிறது. தசை ‘மஸில்’லின் ‘சி’ ஊமை; கட்டுமஸ்தான உடலைச் சொல்லும் ‘மஸ்குலர்’ அதை வெளியே கொண்டுவந்துவிடும். சிப்பிக்கு அப்படி ஓர் உறவுக்காரர் இல்லை, ‘சி’யும் இல்லை.

கடைசியாக, நான்கு ‘ரைட்’டுகள். வலது, சரி என்று பொருள்படுவது ஒன்று; அதில் வரும் ‘ஜி-எச்’ நம் ஆய்தம்தான், பழைய ஒலி ‘ரிஃட்’. எழுதுவது இன்னொன்று. அதன் முன்னால் உள்ள ‘டபிள்யூ’ ஒரு காலத்தில் உதட்டைக் குவித்து ‘வ்ரீட்’ என்று சொல்லப்பட்டது. மரத்திலும் கல்லிலும் கீறுவது என்பதே முதல் பொருள். சடங்கைக் குறிக்கும் ரைட் லத்தீனிலிருந்து வந்தது, அதில் ஊமை எழுத்து கடைசியில் நிற்கும் ‘ஈ’ ஒன்றுதான்.

நான்காவதை நீங்கள் ஒரு குடும்பப் பெயராக அறிவீர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் கிட்டி ஹாக் ஊருக்கு அருகே விமானம் ஓட்டிய சகோதரர்கள் ஆர்வில், வில்பர் இருவரின் பெயர் அது. அவர்கள் பெயரில் ‘டபிள்யூ’வும் உண்டு, ‘ஜி-எச்’சும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘விர்ஃட’ என்றால் வேலைக்காரர், அதாவது கைத்தொழில் தெரிந்தவர். வேலையைக் குறிக்கும் ‘ஒர்க்’கும் இதற்குச் சொந்தம். நாளடைவில் ‘ர’ இடம் மாறி முன்னால் வந்துவிட்டது. இது ஒன்றும் அதிசயமில்லை. தசை சதையானதையும், விசிறி சிவிறியானதையும் தமிழ் இலக்கணத்தில் எழுத்து நிலைமாறுதல் என்று படிப்பீர்கள். ஆங்கிலத்தில் மூன்றுக்கு ‘த்ரீ’ என்று சொல்லிவிட்டு, மூன்றாவதுக்கு மட்டும் ‘தேர்ட்’ என்று ‘ர’வைப் பின்னால் தள்ளுகிறார்களே, அதுவும் இதே மாற்றம்தான். பறவைக்குக்கூடப் பழைய பெயர் ‘பிரிட்’, பின்பு ‘பேர்ட்’.

சக்கரம் செய்பவர் ‘வீல்ரைட்’, கப்பல் கட்டுபவர் ‘ஷிப்ரைட்’. நாடகாசிரியர் ‘பிளேரைட்’. அவர் எழுதுகிறவர்தானே என்று எழுதும் ரைட்டைக் கடைசியில் போட்டுவிடுகிறார்கள் பலர், பெரியவர்களும் கூட. ஆங்கிலம் அவரை எழுதுபவராகப் பார்க்கவில்லை. தச்சர்போல நாடகத்தைக் கட்டுபவராகப் பார்த்திருக்கிறது. அதனால் அந்தச் சொல்லின் பிற்பாதி டபிள்யூ-ஆர்-ஐ-ஜி-எச்-டி, அந்த விமானச் சகோதரர்களின் பெயரேதான்.